நாலு மணி விழிப்பு

ஜொகூர்த் தமிழர்களின் வரலாற்றை அவர்கள் கண்விழித்த நேரத்தை வைத்தே எழுதிவிடலாம். குளுவாங், சிகாமட், கூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியும் முன்பே நாள் தொடங்கிவிடும். இருட்டிலேயே பெரட்டு, பிறகு விளக்கோடு நிரைக்குள் நடை. காரணம், மரம். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் வெளியேறி, பால் வடிவது குறைந்துபோகும்.

ஆனால் தோட்டத்து இரவு சீக்கிரம் அடங்கியது. மின்சாரம் வராத லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எவ்வளவு நேரம்தான் எரியும்? தோட்டத்தைச் சொர்க்கமாக்க இதைச் சொல்லவில்லை. அங்கே கூலி எப்படி இருந்தது என்பது தெரிந்த கதைதான். தூக்கத்துக்கு ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. பாசிர் கூடாங்கிலும் செனாயிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. இரவு ஷிப்டு வந்தது. 1924இல் திறந்த ஜொகூர் பாலம் போதாமல் 1998இல் இரண்டாவது பாலமும் வந்தது. இன்று சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறவர் எழுவதும் தாத்தா எழுந்த அதே நாலு மணிக்குத்தான். படுப்பது மட்டும் நள்ளிரவாகிவிட்டது.

இந்த இழப்பை உடல் பசியாகக் கணக்கெழுதுகிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 1994இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரைப்பையில் சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலின் 1999இல். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஈவ் வான் காட்டர் குழு, ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுச் சோதித்தது. பத்து மணி நேரம் படுத்த நாள்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் அதிகம். பசியும் கூடியது, குறிப்பாக இனிப்பு, உப்பு, மாவுப்பண்டங்கள் மீது ஆசை. அதே குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு இரவுகள் தூக்கம் குறைந்ததும் ரத்தச் சர்க்கரையைக் கையாளும் திறனே தளர்ந்திருந்தது.

ஆக, இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் இன்னொரு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் கேட்பது வெறும் நாக்கு ருசி அல்ல.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. இனவாரியாக இந்தியர்களிடமே அதிகம். பரம்பரை, உணவு, வறுமை எனக் காரணங்கள் பல. தூக்கத்தின் மேல் மட்டும் பழிபோட முடியாது. ஆனால் அதை விட்டுவிட்டுப் பேசவும் முடியாது. இனிப்புநீர் வந்தவரிடம் “வாயைக் கட்டுங்க” என்கிறோம். “எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?” என்று யாராவது கேட்கிறோமா? கேட்டால் பதில் அவரோடு நிற்காது. ஷிப்டு அட்டவணைக்கும் பாலத்து வரிசைக்கும் போய்ச் சேரும்.