அடை: ஒரு திறன் குறையாக எண்ணப்பட்ட வரலாறு

இந்தியக் கோழி வளர்ப்பின் வரலாறு பெரும்பாலும் முட்டைக் கணக்காகவே எழுதப்பட்டுள்ளது. நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டைகள் இட்டது. வெள்ளை லெகார்ன் வழிவந்த பண்ணைக்கோழி முந்நூறை எட்டுகிறது. இதுவே வளர்ச்சி என்கிறார்கள். இந்தக் கணக்கில் ஒரு வேலை விடுபடுகிறது. முட்டையைக் குஞ்சாக்குவது யார் என்னும் கேள்வி அதில் எழுவதில்லை.

அந்த வேலைக்கு நம் மொழிகள் இட்ட பெயர்களிலிருந்து தொடங்கலாம். தமிழில் அது ‘அடைகாத்தல்’; காவல் என்னும் பொருள் சொல்லிலேயே உள்ளது. வங்காளியர் ‘தா’ தருவதாகச் சொல்வர். கன்னடர் ‘காவு’ கொடுப்பதாகச் சொல்வர். தமிழ்ச் செவிக்குப் பின்னது பலிபோல் ஒலித்தாலும், இரண்டும் வெப்பத்தையே குறிக்கின்றன. இந்தியின் ‘ஸேனா’ என்னும் வினை, பணிவிடையைக் குறிக்கும் ‘ஸேவ்’ என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது. காவல், வெப்பம், பணிவிடை ஆகிய மூன்றும் கோழி செய்யும் வேலையைச் சொல்பவை. அதே இந்தியில் அடைக்கோழிக்குக் ‘குடக்’ என்றும் பெயருண்டு. முட்டையிடுவதை நிறுத்திவிட்ட கோழி என்பது அதன் பொருள். வேலையைச் சுட்டும் சொல்லும் இழப்பைச் சுட்டும் சொல்லும் ஒரே முற்றத்தில் புழங்கின. பின்வந்த பண்ணை அறிவியல் இழப்பை மட்டுமே கணக்கில் கொண்டது.

அந்த வேலை எளிதன்று. பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இட்டபின் கோழியின் உடலில் புரோலாக்டின் என்னும் சுரப்பு மிகுகிறது, முட்டையிடுதல் நிற்கிறது, வயிற்றுப்பகுதியின் இறகுகள் உதிர, வெற்றுத்தோலின் வெம்மை நேரே முட்டைக்குச் செல்கிறது. இருபத்தொரு நாளும் அது முட்டைகளை அலகால் புரட்டிக்கொண்டே இருக்கும். இரைக்காகச் சிறிது நேரம் மட்டும் எழும். முட்டையைத் தேர்வதும், கூடையில் வைக்கோல் பரப்புவதும், சில நாள் கழித்து ஒளியில் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையை விலக்குவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் அறிவாக இருந்தன. இடியோசையில் கரு கெடாதிருக்கக் கூடையில் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் இடும் வழக்கம் தென்னிந்தியாவில் பரவலாக உண்டு.

அடைக்கோழியின் பணி அதன் இனத்தோடும் நிற்கவில்லை. கேரளத்தின் குட்டநாட்டில் வாத்து முட்டைகளைக் கோழிகளின் அடியில் வைத்தே பொரிக்கச் செய்தனர். வளர்ப்பு வாத்து அடைகாப்பதில் திறனற்றது. அதன் முட்டைக்கு இருபத்தெட்டு நாள் வேண்டும். ஆயிரக்கணக்கான வாத்துகள் மேயும் வயல்களுக்குப் பின்னால் வீடுதோறும் அமர்ந்திருந்த கோழிகளின் பொறுமை இருந்தது.

இவ்வியல்பு இனத்துக்கு இனம் மாறுபடுவதை டார்வின் கவனித்திருந்தார். 1868இல் வெளிவந்த, வளர்ப்பு விலங்குகளும் தாவரங்களும் மாறுபடுவதைப் பற்றிய நூலில், அடைகாக்காத இரண்டு இனங்களைக் கலந்தால் பிறக்கும் கோழி சில வேளைகளில் மீண்டும் அடைகாப்பதாக எழுதினார். வளர்ப்புக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்னும் அவருடைய முடிவுக்குக் கல்கத்தாவிலிருந்து எட்வர்டு பிளைத் அனுப்பிய செய்திகள் துணைநின்றன.

லெகார்ன் அடைகாக்க மறந்த இனங்களுள் ஒன்று. மின்சாரமும் பொரிப்பு எந்திரமும் எட்டாத ஊரில் அதன் முட்டை குஞ்சாக வேண்டுமானால் நாட்டுக்கோழியின் அடியில்தான் வைக்க வேண்டும். புதிய இனம் கிராமத்துக்குள் நுழையப் பழைய இனமே செவிலியாயிற்று. பொரிப்பகங்கள் பெருகியபின் அந்தச் செவிலி தேவைப்படவில்லை. அடையில் அமரும் நாள்கள் முட்டையில்லா நாள்கள் என எண்ணப்பட்டன. அவ்வியல்பைத் தவிர்ப்பதே இனத்தேர்வின் நோக்கங்களுள் ஒன்றாயிற்று. புறக்கடை வளர்ப்புக்கென ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா, கிராமப்பிரியா இனங்களிலும் அடை மிகக் குறைவு. அவை கூடுதலாக முட்டை தருகின்றன. ஏழைக் குடும்பத்துக்கு அது மெய்யான பயன். ஆனால் அடுத்த தலைமுறைக் குஞ்சுக்கு அக்குடும்பம் பொரிப்பகத்தை நாட வேண்டும், அல்லது அண்டை வீட்டு நாட்டுக்கோழியைக் கேட்க வேண்டும்.

இங்கே இழப்பது வெறும் பழமையன்று. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கேத் நோய் வந்தால் ஓர் ஊரின் கோழிகள் சில நாள்களில் மடிந்துவிடும். எஞ்சிய ஒரு பெட்டை அடையில் அமர்ந்தால், காசு செலவில்லாமல் மந்தை மீண்டும் தொடங்கும். அந்த மீள்திறன் பெண்களின் கையில் இருந்த சிறு முதல். அது எந்திரத்துக்கு மாறியபோது முட்டை பெருகியது. குஞ்சின்மீது இருந்த உரிமை வீட்டைவிட்டு வெளியேறியது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புறக்கடைக் கோழியினங்கள் ஏறத்தாழ 31.7 கோடி, 2012ஐவிட 45.8 விழுக்காடு மிகுதி. இவற்றுள் எத்தனை தம் குஞ்சைத் தாமே பொரிக்கும் என்பதை இந்த எண் சொல்லாது. வேளாண் வரலாற்றிலும் வட்டார வழக்கிலும் ஆய்வு செய்யும் மாணவர்கள் தத்தம் பகுதியில் அடைக்கு வழங்கும் சொற்களையும், எந்தக் கோழி அடைக்கு ஏற்றது என்று தேர்ந்த முறைகளையும் தொகுக்க வேண்டும். தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள்.