கடல் அல்லியைக் கடிச்சது யாரு?

நம்ம பாகாயத்துல எந்தக் குன்றை உடைச்சாலும் புதைபடிவம் கிடைக்காது மக்களே. பூமிக்கு அடியில வெந்து இறுகின பாறை இது. கடல் வேணும்னா அரியலூர் போகணும்; சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல் இருந்தது.

அந்தக் கடலோட முள்ளெலிகளை 1873-ல் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காகப் படத்தோட பதிவு பண்ணினார். அடுத்த வருஷமே லடாக் மலைப்பாதையில் இறந்துட்டார். வயசு 36. யார் யாரைத் தின்னாங்கன்ற கேள்வி ரொம்பப் பின்னாடிதான் சூடு பிடிச்சது.

பஹாமாஸ் ஆழ்கடல்ல முள்ளெலிக்குப் பக்கத்துல இருந்த கடல் அல்லி, தண்டோட நுனியைக் கழட்டி விட்டுட்டு கையால ஊர்ந்து போகுது. (பல்லி வாலை விடுற மாதிரிதான்.) முள்ளெலி வயித்துக்குள்ள அல்லித் துண்டுகள்! 2010-ல் பாமில்லர் குழு, போலந்துல கிடைச்ச 20 கோடி வருஷத்துக்கும் பழைய தண்டுகள்ல அதே கடித்தழும்பைக் காட்டினாங்க. நகரத் தெரிஞ்ச அல்லிகள் பெருகினதுக்கு இந்தப் பல்லும் ஒரு காரணம்ன்றது அவங்க வாதம். எனக்கு நம்பத் தோணுது.

அரியலூர்ல இப்படித் தழும்பு இருக்கா? தேடணும். ஆனா அந்தச் சுண்ணாம்புக்கல் தினமும் சிமென்ட் ஆலைக்குப் போகுது. தண்டுத் துண்டு விரல் நகம் அளவுதான். 1,450 டிகிரி சூளைக்குள்ள போறதுக்கு முன்னாடி யாராவது குனிஞ்சு பாத்தாத்தான் உண்டு.