டேப் டேக்ஓவர்: மலேசியாவில் கைவினை பீர் நிகழ்வுகள்

டேப் டேக்ஓவர் என்பது ஒரு மதுக்கூடம் தன் பீர்க் குழாய்களை எல்லாம், அல்லது அவற்றில் பெரும்பாலானவற்றை, ஓர் இரவுக்கோ சில நாட்களுக்கோ ஒரே பீர் ஆலையிடம் ஒப்படைக்கும் நிகழ்வு. வழக்கமாகப் பல நிறுவனங்களின் பீர் வரும் குழாய்களில் அன்று ஒரே ஆலையின் எட்டு, பத்து வகைகள் வரும். ஆலையில் பீர் காய்ச்சுபவரே நேரில் வந்து, எது எப்படிச் செய்யப்பட்டது என்று சொல்வதும் உண்டு. நிறையக் குடிப்பது இதன் நோக்கமன்று. ஓர் ஆலையின் கைப்பக்குவத்தை ஒரே அமர்வில் அறிவதே நோக்கம்.

தோற்றம்

சிறிய ஆலைகளில் குறைந்த அளவில் காய்ச்சப்படுவதைக் கைவினை பீர் என்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரு நிறுவனங்களின் பீர் எங்கும் ஒரே சுவைக்கு வந்துவிட்டது. அதற்கு எதிராகவே இந்த இயக்கம் பிறந்தது. 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக், மூடும் நிலையில் இருந்த சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையில் முதலிட்டு அதை மீட்டார். பிரிட்டனின் மரபான பீரைக் காக்க 1971இல் காம்ரா என்ற நுகர்வோர் அமைப்பு தொடங்கியது. அமெரிக்காவின் போல்டர் நகரில் 1982இல் கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல் முதன்முறையாக நடந்தது. விழாவில் நூறு ஆலைகளின் பீரைத் துளித்துளியாகச் சுவைக்கலாம். ஒரே ஆலையை நிதானமாக அறிய மதுக்கூடமே ஏற்ற இடம். டேப் டேக்ஓவர் அந்தத் தேவையைத் தீர்க்கிறது.

தெற்காசியாவிலும் பீருக்குப் பெயர் பெற்ற ஆலைகள் உண்டு. இந்தியாவில் புனேயின் டூலாலி, பெங்களூரு இந்திராநகரின் டாய்ட் போன்றவை தாங்கள் காய்ச்சுவதை அதே கூரையின்கீழ் பரிமாறிப் பெயர் பெற்றன. இலங்கையில் 1881இல் நுவரெலியாவில் வேர்விட்ட சிலோன் பிரூவரியின் வழிவந்தது லயன் ஸ்டவுட். பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதைப் பாராட்டி எழுதி உலகறியச் செய்தார்.

குழாய்க்குப் பின்னால்

பீர் 20, 30 அல்லது 50 லிட்டர் கெக்கில், அதாவது உலோகப் பீப்பாயில், வருகிறது. கரியமில வாயுவின் அழுத்தம் பீரை நீண்ட குழாய்வழியே மேலே தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் குவளை முழுக்க நுரை. குறைந்தால் பீர் உயிரற்றுப் போகும். கரிய ஸ்டவுட் வகைகள் சிலவற்றுக்கு நைட்ரஜன் கலந்த வாயு தரப்படுகிறது. கெட்டியான, பாலாடை போன்ற நுரை அதனால்தான் வருகிறது.

குழாயின் உட்புறத்தில் ஈஸ்டும் பாக்டீரியாவும் படிந்தால் எவ்வளவு நல்ல பீரும் புளிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையேனும் குழாய்களைக் கழுவ வேண்டும் என்பது அமெரிக்கப் பீர் ஆலையாளர் சங்கத்தின் பரிந்துரை. டேப் டேக்ஓவருக்கு முன் நல்ல மதுக்கூடங்கள் எல்லாக் குழாய்களையும் கழுவிவிடும். விருந்துக்கு வருபவரின் பெயர் கெடாமல் காப்பது வீட்டாரின் பொறுப்பு.

சுவைக்கும் முறை

நாலைந்து சிறு குவளைகளை ஒரு மரத்தட்டில் வரிசையாக வைத்துத் தருவதை ஃபிளைட் என்பார்கள். ஒவ்வொரு குவளையிலும் 100 முதல் 150 மில்லிலிட்டர் வரை இருக்கும். மென்மையானதில் தொடங்கிக் கனமானதில் முடிப்பதே முறை: முதலில் லாகர் அல்லது கோதுமை பீர், அடுத்து ஹாப்ஸ் பூவின் மணமும் கசப்பும் கொண்ட ஐ.பி.ஏ., இறுதியில் வறுத்த மால்ட்டின், அதாவது முளைகட்டிய தானியத்தின், கருமையுடன் ஸ்டவுட். வரிசை மாறினால் கசப்பில் மரத்த நாக்குக்கு லாகர் வெறும் தண்ணீராகத் தெரியும்.

முதலில் முகர வேண்டும். சுவையில் பெரும்பகுதி மணம்தான். நுரை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இரண்டு விரற்கடை நுரை மணத்தைப் பிடித்து வைக்கிறது. இடையிடையே தண்ணீர் குடிப்பதும், வெறும் வயிற்றில் வராமல் இருப்பதும் அவசியம். கெக் எப்போது நிரப்பப்பட்டது என்று கேட்பதில் தவறில்லை. ஐ.பி.ஏ.யின் மணம் வாரக்கணக்கில் மங்கும். வெயில் நாட்டில் குளிர் விட்டுப்போனால் இன்னும் விரைவாக மங்கும். கனமான ஸ்டவுட் காலத்தைத் தாங்கும்.

மலேசியச் சூழல்

மலேசியாவின் பீர்ச் சந்தை இரண்டு பெரிய ஆலைகளின் கையில் இருக்கிறது: சுங்கைவே ஹைனெக்கன், ஷா ஆலம் கார்ல்ஸ்பெர்க். கோப்பிக்கடையில் பெரிய புட்டியை வைத்து, பனிக்கட்டி போட்ட குவளைகளில் பகிர்ந்து குடிப்பதே பரவலான பழக்கம். கைவினை பீர் அதன் ஓரத்தில், ஆர்வலர் வட்டத்தில் வளர்ந்தது.

அதன் விலைக்கு முதற்காரணம் கலால் வரி. 2016 மார்ச் 1 முதல் அமலான விகிதப்படி, தூய ஆல்கஹால் லிட்டருக்கு 175 ரிங்கிட்டாக இருந்தது. 5% ஆல்கஹால் உள்ள 30 லிட்டர் கெக்கில் தூய ஆல்கஹால் ஒன்றரை லிட்டர். அந்த விகிதத்தில் கலால் மட்டும் 262 ரிங்கிட் 50 சென். அதே கெக்கில் 8% ஸ்டவுட் இருந்தால் 420 ரிங்கிட். இதற்கு மேல் கப்பல் செலவு, குளிர்பதனச் செலவு. கனமான பீர் சிறு குவளையில் வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

பெரிய விழாக்களுக்கு வேறு தடைகளும் உண்டு. கோலாலம்பூரில் 2017 அக்டோபரில் நடக்கவிருந்த பெட்டர் பீர் ஃபெஸ்டிவல், இஸ்லாமியக் கட்சியான பாஸின் எதிர்ப்புக்குப் பின் மாநகர மன்றத்தின் அனுமதி கிடைக்காமல் நின்றது. தீவிரவாதத் தாக்குதல் அச்சுறுத்தல் இருந்ததாகக் காவல்துறை பின்னர் தெரிவித்தது. பல ஆலைகளை ஒரே திடலில் கூட்டுவது கடினமான நாட்டில், உரிமம் பெற்ற நாலு சுவருக்குள் ஒரே ஆலையை அழைக்கும் சிறு நிகழ்வு இயல்பாகவே பொருந்துகிறது. 2017 டிசம்பர் 1 முதல் மதுபானம் வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். முஸ்லிம்கள் மது அருந்துவதை மாநில ஷரியா சட்டங்கள் தடுக்கின்றன. இதை உணர்ந்து, தெருவுக்கு இரைச்சல் கொண்டுவராமல் நடத்துவது பல்லின நாட்டின் பண்பு.

பினாங்கும் ஆயர் ஈத்தாமும்

2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில், பழைய கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் மதுக்கூடங்களாகவும் புத்துயிர் பெற்றன. அவற்றின் சிறிய கூடங்கள் இத்தகைய நெருக்கமான நிகழ்வுக்கு ஏற்றவை. ஜெர்மன் பண்பாட்டை அறிமுகப்படுத்தும் மலேசிய-ஜெர்மன் சங்கம் பினாங்கில் நடத்திவரும் அக்டோபர்ஃபெஸ்ட், பீரைக் குடும்பக் கூட்டத்தோடும் உணவோடும் இணைத்துப் பழக்கியது.

நகருக்கு மேற்கே, கெக் லோக் சி கோயில் நிற்கும் மலையடியில் இருக்கிறது ஆயர் ஈத்தாம். மலாயில் இப்பெயருக்குக் கருநீர் என்று பொருள். 1962இல் கட்டி முடிக்கப்பட்ட ஆயர் ஈத்தாம் அணை இங்கேதான் உள்ளது. பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், எந்த ஊர் நீர் எந்தப் பீருக்கு ஒத்துவரும் என்பது காய்ச்சுபவரின் முதல் கேள்வி. சுண்ணாம்புச்சத்து மிகக் குறைந்த மென்னீரே செக் நாட்டுப் பில்சன் நகரின் வெளிறிய லாகருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பினாங்கின் மலைகள் கருங்கல் மலைகள். அத்தகைய மலைகளிலிருந்து இறங்கும் நீர் பொதுவாக மென்னீர்.

ஆயர் ஈத்தாமிலிருந்து நகர நிகழ்வுக்குப் போய்வருவோர் வண்டியை வீட்டில் விட்டுவிட வேண்டும். 2020ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வாகனமோட்டிக்கான வரம்பை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்து, தண்டனையையும் கடுமையாக்கியது.

கள்ளும் கைவினை பீரும்

மலேசியத் தமிழருக்குப் புதிதாக இறக்கிய பானத்தின் அருமை தெரியாததன்று. காலையும் மாலையும் தென்னம்பாளை சீவி இறக்கும் கள், காற்றிலுள்ள ஈஸ்டால் சில மணி நேரத்தில் தானே புளிக்கிறது, மறுநாள் காடியாகிவிடும். இறக்கியவர் யார், எப்போது இறக்கினார் என்ற இரண்டு கேள்விகளும் கள்ளுக்கடையில் கேட்கப்பட்டவை. டேப் டேக்ஓவரில் கேட்கப்படுவதும் அவையே.

அந்த நினைவின் மறுபக்கம் வலி நிறைந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடை, கூலியைக் கையில் வாங்கிய அன்றே திரும்பப் பறித்தது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947இல் கெடாவின் தொண்டர் படை பீடோங் பகுதியில் கள்ளுக்கடை மறியல் நடத்திக் காவல்துறையின் அடக்குமுறையைச் சந்தித்தது. பின்னாளில் சம்சு என்ற மலிவான வடிசாராயம் பல குடும்பங்களைச் சிதைத்தபோது, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் விடாது குரல் கொடுத்தது.

ஆல்கஹாலில் முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. சம்பள நாளின் களைப்பை மறக்க அளவில்லாமல் ஊற்றப்பட்ட மதுவால் அழிந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இந்த மதுக்கூடங்களில் அமர்கிறார்கள். செய்தவரைத் தெரிந்து, சிறு குவளையில், உணவோடும் நண்பரோடும் சுவைத்து, போதும் என்று எழுந்து போக இடம் தரும்போதே டேப் டேக்ஓவர் தன் நோக்கத்துக்கு உண்மையாக இருக்கிறது.