திண்ணையிலிருந்து திருத்தும் முகாம் வரை: சென்னையின் வடபகுதியில் மாணவர் பணியை மதிப்பிட்ட வரலாறு

மாணவர் எழுதியதை ஆசிரியர் ஒவ்வொன்றாகப் படித்து, பிழை சுட்டி, மதிப்பெண் இடுவது கற்பித்தல் தொழிலோடு பிறந்த கடமை என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், தமிழ்நாட்டில் அது இன்றைய அளவிலான சுமையாக உருவெடுத்தது காகிதமும் பொதுத்தேர்வும் பரவிய 19-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பும் பல வயதுப் பிள்ளைகளை ஒருவரே கற்பித்தமையால் ஆசிரியருக்கு நேரப் பற்றாக்குறை இருந்தது. ஆனால் திருத்தலை விரைவுபடுத்துவதால் அன்றி, கற்கும் பொழுதிலேயே சோதனையையும் முடித்துவிடுவதால் அது சமாளிக்கப்பட்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் துறைமுகத் தொழிற்பகுதியும், அதனை அடுத்துள்ள எழும்பூர், புழல் வட்டாரங்களும் இந்த மாற்றத்தின் முக்கியக் கட்டங்கள் பலவற்றைக் கண்டவை.

திருவொற்றியூர்க் கோயிலில் பாணினியின் இலக்கணத்தை விளக்கிக் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அத்தகைய உயர்கல்வியிலும், ஊர்ப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் பயின்ற திண்ணைப் பள்ளியிலும் மதிப்பீட்டின் அடிப்படை வாய்மொழியாகவே இருந்தது. திண்ணைப் பள்ளி என்பது வீட்டுத் திண்ணையிலோ சாவடியிலோ ஒரே ஆசிரியர் நடத்திய பள்ளி. அங்கே பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகி, கை படிந்த பின்னரே பனையோலையில் எழுத்தாணி பிடித்தது. மணலில் எழுதிய எழுத்து அப்போதே பார்க்கப்பட்டு, அப்போதே அழிக்கப்பட்டது. எண்சுவடியும் வாய்பாடும் மனப்பாடமாகச் சொல்லிக் காட்டப்பட்டன. பாடத்தை ஒப்புவித்தல் எனப்பட்ட இம்முறையில் ஆசிரியர் பின்னர் எடுத்து வைத்துத் திருத்துவதற்கான எழுத்துச் சுமை பெரும்பாலும் எஞ்சவில்லை.

ஆசிரியரின் நேரத்தை மேலும் மிச்சப்படுத்தியவன் சட்டாம்பிள்ளை, அதாவது மூத்த மாணவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, இளையவர்களின் பாடத்தைக் கேட்கவும் ஒழுங்கைக் காக்கவும் பணிக்கப்பட்ட பிள்ளை. 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி மதராஸ் மாகாணத்தில் நடத்தப்பட்ட கல்விக் கணக்கெடுப்பின் தொகுப்பு 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் காட்டுகிறது. சராசரியாகப் பள்ளிக்குப் பதினைந்து பேரே எனினும், அவர்கள் வெவ்வேறு நிலையில் இருந்தமையால் துணைக்கை தேவைப்பட்டது. இக்கணக்கெடுப்புக்காக 1823-இல் அறிக்கை அனுப்பிய பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல், முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குக் கற்பிப்பதன் மூலம் தன் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் பாராட்டி, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகும் என்றும் குறிப்பிட்டார்.

இங்கிலாந்து பின்பற்றியது என்று காம்ப்பெல் கூறியதன் பின்னணி எழும்பூரில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-இல் பிறந்து, 1787-இல் மதராஸுக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூர்க் கோட்டைக் கட்டடத்தில் நடத்தப்பட்ட விடுதிப் பள்ளிக்கு 1789-இல் மேற்பார்வையாளரானார். அக்கட்டடம் இருந்த இடத்தில்தான் பிற்காலத்தில் எழும்பூர் ரயில் நிலையம் எழுந்தது. ஒருநாள் குதிரைமீது சென்றபோது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்ட பெல் அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார். சம்பளம் பெற்ற ஆசிரியர்கள் அதற்கு இணங்காததால், எட்டு வயதான ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனிடமே கடைசி வகுப்பை ஒப்படைத்தார். மணலில் அகரவரிசை கற்பிக்கும் அவ்வேலையை அச்சிறுவன் செம்மையாகச் செய்யவே, மற்ற வகுப்புகளும் படிப்படியாக மாணவர் பொறுப்புக்கு மாற்றப்பட்டன.

பெல் உருவாக்கிய ஏற்பாட்டில் திருத்தல் என்பது தனிப் பணியாகவே இல்லை. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் மற்றொரு பிள்ளையோடு இணைக்கப்பட்டு, ஒருவன் சொல்ல மற்றவன் கேட்டான். அவர்களுக்கு மேல் உதவியாளனும், அவனுக்கு மேல் மாணவ ஆசிரியனும் இருந்தனர். கேள்விக்கு விடை தவறியவனின் இடத்தைச் சரியாகச் சொன்னவன் பிடித்துக்கொண்டதால், வரிசையில் ஒரு பிள்ளை நிற்கும் இடமே அன்றைய அவனது மதிப்பெண்ணாயிற்று. எத்தனை பாடம் முடிந்தது என்ற கணக்கை மாணவர்களும் பதிவேட்டில் குறித்து வந்தமையால், மேற்பார்வையாளர் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்காமலேயே நேற்றைய முன்னேற்றத்தை இன்றையதோடு ஒப்பிட முடிந்தது. 1796-இல் ஊர் திரும்பிய பெல் மறு ஆண்டே இதனை நூலாக வெளியிட, அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டரும் இதற்கு நெருங்கிய முறையொன்றை நடத்த, 1811-இல் ஆங்கிலத் திருச்சபை தொடங்கிய தேசியச் சங்கத்தின் வழியாக 'மதராஸ் முறை' என்ற பெயருடன் இது பரவியது. பெல்லின் கொடையால் செயின்ட் ஆண்ட்ரூஸில் அமைந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

இவ்வாறு மிச்சமான நேரத்துக்கு விலையும் இருந்தது. திண்ணைப் பள்ளியின் கதவு சாதியால் பலருக்கு அடைபட்டிருந்தது. உள்ளே நுழைந்தவர்களை ஆசிரியரின் பிரம்பும் சட்டாம்பிள்ளையின் அதிகாரமும் அச்சுறுத்தின. காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரும், இரண்டாவதாக வந்தவன் கையில் சுழியும் எழுதப்பட, அடுத்தடுத்து வந்தவர்களுக்குப் பிரம்படி ஒவ்வொன்றாகக் கூடிய வழக்கத்தையும் காம்ப்பெல்லின் அறிக்கையே பதிவு செய்கிறது. இங்கிலாந்திலோ, தான் கற்பிப்பதற்கு அப்பால் அதிகம் அறியாத சிறுவன் மனப்பாடத்தைச் சோதிக்கலாமே அன்றிப் புரிதலைச் சோதிக்க இயலாது என்ற குறை வலுப்பெற்று, 1846-இல் பயிற்சி பெறும் இளம் ஆசிரியர் முறை அங்கே அரசு ஆதரவுடன் வந்தபின் பெல்லின் ஏற்பாடு தேய்ந்தது.

1857-இல் மதராஸ் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டு மெட்ரிகுலேஷன் தேர்வு தொடங்கியதும், மாணவரை அறியாத ஒருவர் அவர் எழுதிய தாளை மட்டும் பார்த்து மதிப்பிடும் வழக்கம் வேரூன்றியது. தொடக்கப் பள்ளிகளிலும் 1860-களிலிருந்து, ஆய்வாளர் நேரில் வந்து பிள்ளைகளைச் சோதித்து, தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப உதவித்தொகை வழங்கும் 'முடிவுக்கேற்ற மானியம்' என்ற முறை பரவியது. இங்கிலாந்தில் 1862-இல் புகுத்தப்பட்ட விதியை ஒட்டிய இந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டும் என்று இந்திய அரசின் 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் கூறியபோதிலும், ஆய்வாளருக்கும் தேர்வுக்கும் உரிய வடிவில் எழுதிப் பழக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. பயிற்சி நோட்டும் சிவப்பு மையும் வகுப்பறையின் அடையாளங்களாயின. திண்ணையில் பாடத்தோடு முடிந்த மதிப்பீடு, இப்போது பள்ளி முடிந்த பின் ஆசிரியரின் வீட்டு நேரத்தை விழுங்கத் தொடங்கியது.

பெருகிய விடைத்தாள்களை எதிர்கொள்ள அரசு கண்ட வழி, வேலையைக் கூறுபடுத்துவதாகும். தமிழ்நாட்டில் 1975-இல் அரசுத் தேர்வுகளுக்கெனத் தனி இயக்ககம் உருவானது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் தேர்வெழுதுவோர் தொகை மேலும் உயர்ந்தது. விடைத்தாள் திருத்தும் முகாம் எனப்படும் மையத்தில், பல பள்ளிகளிலிருந்து வரும் ஆசிரியர்கள் உதவித் தேர்வாளர்களாக ஒரே கூரையின்கீழ் அமர்ந்து திருத்த, முதன்மைத் தேர்வாளர் அதை மேற்பார்க்க, திருத்தாமல் விடுபட்ட விடை உண்டா என்றும் கூட்டல் சரியா என்றும் கூர்ந்தாய்வாளர் பார்க்கிறார். ஏற்கத்தக்க விடைகளையும் அவற்றுக்கான பகுதி மதிப்பெண்களையும் முன்கூட்டியே வரையறுக்கும் விடைக்குறிப்பு, ஒவ்வொரு தாளிலும் புதிதாக யோசிக்கும் தேவையைக் குறைக்கிறது. இது வெறும் நேரச் சிக்கனம் அன்று. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்பவருடன் இங்கிலாந்தில் நடத்தி 1935-இல் வெளியிட்ட ஆய்வில், 14 தேர்வாளர்கள் 15 வரலாற்று விடைத்தாள்களை ஓராண்டுக்கும் மேலான இடைவெளியில் இருமுறை மதிப்பிட்டபோது, 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன. ஆகவே விடைக்குறிப்பு வேகத்தோடு நடுநிலைக்கும் துணை நிற்கிறது. ஆனால் முகாமில் திருத்தப்படும் தாள் உரிய காலத்தில் மாணவரிடம் திரும்பி வந்து அவருக்குக் கற்பிப்பதில்லை.

கற்பித்தலையும் மதிப்பிடுதலையும் மீண்டும் இணைக்கும் முயற்சி, 2003-இல் எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிற்று. ஆந்திராவின் ரிஷி வேலியில் உருவான முறையைத் தழுவி, 13 பள்ளிகளில் முதலில் செயல்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றலில், பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு ஏணி வடிவ வரிசையில் அமைக்கப்பட்டது. அந்த ஏணியின் படிகளிலேயே மதிப்பீட்டு அட்டைகளும் இடம்பெற்றன. பிள்ளை தன் முன்னேற்றத்தை அடைவு அட்டவணையில் தானே குறிக்க, சில வேலைகளைச் சக மாணவர் பார்க்க, ஆசிரியர் துணை தேவைப்படும் குழுவோடு மட்டும் அமர்ந்தார். மீன்பிடி, சுமைப்பணி, ஆலைப்பணி ஆகியவற்றை நம்பிய குடும்பங்கள் மிகுந்த ராயபுரம், தண்டையார்பேட்டை போன்ற பகுதிகளுக்கு, சில நாள் வராத பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம் என்பது பொருத்தமான ஏற்பாடு. திருவொற்றியூரும், எண்ணூரை அடக்கிய கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்தமையால், மாநகராட்சிக்கு வெளியே மாநிலம் முழுவதும் இம்முறை விரிவடைந்தபோதுதான் அங்கிருந்த பள்ளிகளை இது எட்டியது.

இதன் வழிவந்த 'எண்ணும் எழுத்தும்' இயக்கம் 2022 ஜூனில் புழல் ஒன்றியத்தின் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சரால் தொடங்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் பின்தங்கிய சிறார்களை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் குழுப்படுத்தி, நிலைக்கேற்பப் பயிற்சி தரும் இத்திட்டத்தில் முழு வகுப்புக்கும் ஒரே தாளைத் திருத்த வேண்டியதில்லை. எனினும் மதிப்பீடுகளைச் செயலியில் பதிவதும், எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் விவரங்களை ஏற்றுவதும் கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து குறை கூறி வந்துள்ளன. மணலில் எழுதிய பிழை அக்கணமே திருத்தப்பட்டு மறைந்ததையும், இன்றைய பதிவு மேலதிகாரிக்காக நிலைபெறுவதையும் சேர்த்துப் பார்த்தால், திருத்தும் நேரம் பெரிதும் குறைந்தது மதிப்பீடு பிள்ளைக்கு உடனே பயன்பட்ட இடங்களிலேயே என்பது தெளிவாகிறது; மதிப்பீட்டின் முதல் வாசகராக அலுவலகம் அமையும்போது, சட்டாம்பிள்ளை, விடைக்குறிப்பு, செயலி ஆகிய எந்த உதவியாலும் மிச்சமாகும் நேரம் வேறொரு பதிவேட்டிலேயே செலவாகிவிடுகிறது.