திருநாவலூரில் இராசாதித்தன்

முதலாம் பராந்தக சோழனின் மகனும் பட்டத்து இளவரசனுமான இராசாதித்தன், திருநாவலூரைப் படைத்தளமாகக் கொண்டு பெரும் சேனையுடன் தங்கியிருந்தான். சுந்தரர் பிறந்த இவ்வூர் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. வடக்கிலிருந்து தஞ்சையை நோக்கி வரும் படையைத் தடுத்து நிறுத்த, சோழ நாட்டுக்கும் தொண்டை மண்டலத்துக்கும் இடைப்பட்ட இந்நாடே ஏற்ற இடம்.

வடக்கே பகை முற்றியிருந்தது. பராந்தகன் வாணர்களை வென்று அவர்கள் நாட்டைக் கங்க அரசன் இரண்டாம் பிருதிவீபதிக்குக் கொடுத்திருந்தான். 939இல் இராட்டிரகூட அரியணை ஏறிய மூன்றாம் கிருஷ்ணனோ, தன் மைத்துனன் பூதுகனைக் கங்க நாட்டுக்கு அரசனாக்கினான். நாடிழந்த வாணர்களும் கிருஷ்ணனிடமே போய்ச் சேர்ந்தனர்.

இராசாதித்தனின் தாய் கோக்கிழானடிகள் சேர நாட்டவள். அதனால் அவன் சேனையில் மலையாள வீரர் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவனான படைத்தலைவன் வெள்ளங்குமரன், பெண்ணையாற்றங்கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் 943இல் சிவன் கோயிலைக் கற்றளியாக எழுப்பினான். திருநாவலூரில் திருத்தொண்டீச்சரத்தைக் கற்றளியாக்கியவன் இராசாதித்தனே. ஊரும் இராசாதித்தபுரம் என்று பெயர் பெற்றது. போருக்குக் காத்திருந்த படை, காத்திருந்த காலத்தில் இத்தனை கற்பணி செய்திருப்பது வியப்புக்குரியது.

949இல் தக்கோலத்தில் போர் மூண்டது. யானைமீதிருந்து பொருத இராசாதித்தன் மார்பில் அம்பு பாய்ந்து இறந்தான். பிற்காலச் சோழர் ஆவணங்கள் அவனை 'யானைமேல் துஞ்சின தேவர்' என்று போற்றுகின்றன. அவனைக் கொன்றவன் பூதுகன் என்றும், அதற்குப் பரிசாக வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகளைக் கிருஷ்ணன் அவனுக்கு அளித்தான் என்றும் கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு கூறுகிறது.

தலைவனை இழந்த சேனை நிலைகுலைந்தது. தொண்டை மண்டலமும் திருமுனைப்பாடியும் கிருஷ்ணன் கைக்குப் போயின. திருநாவலூர்க் கோயிலிலேயே கன்னரதேவன் என்னும் அவன் பெயரால் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன.

இராசாதித்தனின் நண்பனாயிருந்த கேரளத்தான் ஒருவன், அவனோடு களத்தில் மடியாமற்போன துயரால் கங்கையில் நீராடித் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். இதைச் சொல்லும் கல்வெட்டும் கிருஷ்ணனின் ஆட்சிக் காலத்ததே. பராந்தகனுக்குப் பின் கண்டராதித்தன், அரிஞ்சயன் ஆகிய இளைய மகன்கள் அரசாண்டனர். தொண்டை மண்டலத்தைச் சுந்தர சோழன் காலத்தில்தான் சோழர் படிப்படியாக மீட்டனர்.