சட்டையை நீட்டி வரைஞ்சால் உரிமை வந்திடுமா?

எங்கடை தீவுப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகமோ சனசமூக நிலையமோ ஆண்டுமலர் போட்டால் அதில் கட்டாயம் இரண்டு கேலிச்சித்திரம் இருக்கும். முதலாவதில் புருசன் கிணத்தடியில் குந்தியிருந்து உடுப்புத் தோய்ப்பார், மனிசி கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டபடி போன் பார்ப்பா. கீழே 'பெண்ணுரிமை' என்று எழுதியிருக்கும். மற்றதில் மதகில் நாலு பொடியள் இருப்பாங்கள், முன்னால் ஒரு பெட்டை நடந்து போவாள். பொடியளுக்கு நாலு விதமான முகம், நாலு விதமான முழி. அவளுக்கு முகமே ஒழுங்காக இருக்காது. இடுப்பும் மார்பும் மட்டும் மிகக் கவனமாக வரையப்பட்டிருக்கும். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, எந்த ஊர் மலரை எடுத்தாலும் இதுதான். இப்ப மலர் குறைஞ்சு போச்சு. அதே இரண்டு படமும் மீம்ஸாகப் பேஸ்புக்கில் ஓடுது.

வரைகிற ஆக்களைக் கூடாத ஆக்கள் என்று சொல்ல வரவில்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரவிரவாக இருந்து இல்லம் சோடிக்கிற அதே பொடியள்தான். கை நல்ல கை. இந்த இரண்டு படமும் எங்கேயிருந்து வந்தது என்பதுதான் என்னுடைய கேள்வி. ஏனென்றால் இரண்டும் அவர்கள் யோசிச்சு வரைஞ்சது இல்லை, பரம்பரையாக வந்தது.

கிணத்தடிப் படத்துக்கு வயது நூறுக்கு மேல். 1903இல் எம்மலின் பாங்கேர்ஸ்ட் பிரித்தானியாவில் பெண்கள் வாக்குரிமைக்கான சங்கத்தைத் தொடங்கிய பிறகு, அந்தப் பெண்களைக் கேலி செய்கிற தபாலட்டைகள் அங்கே கடை கடையாக விற்றன. அதில் அடிக்கடி வந்த காட்சி இதுதான்: அழுகிற பிள்ளையோடும் தோய்க்கிற தொட்டியோடும் புருசன் திண்டாட, மனிசி தொப்பி போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போறா. கிணறு இல்லை, தொட்டி. போன் இல்லை, பதாகை. மற்றபடி வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அதுக்குப் பதில் சொன்னதும் படத்தால்தான். 1909இல் லண்டனில் 'சஃப்ரேஜ் அற்றெலியே' என்று ஒரு ஓவியர் கூட்டு உருவானது. தொழில்முறை ஓவியர் இல்லாத பெண்களுக்கும் அச்சுக்கட்டை வெட்டப் பழக்கி, தாங்களே வரைஞ்சு தாங்களே அச்சடிச்சார்கள். அவர்களுடைய பெயர்போன சுவரொட்டி ஒன்று இருக்கு. மேல் வரிசையில் நகர முதல்வராக, தாதியாக, தாயாக, மருத்துவராக, ஆசிரியையாக, தொழிலாளியாகப் பெண்கள் நிற்பார்கள். இத்தனையாக இருந்தும் இவளுக்கு வாக்கு இல்லை. கீழ் வரிசையில் சிறை சென்றவன், குடிகாரன் என்று ஆண்கள். இத்தனையாக இருந்தும் இவனுக்கு வாக்குப் போகாது. பெண்ணைச் சிரிப்புக்குரிய பொருளாக வைச்ச அதே ஊடகத்தில், நிலைமையைச் சிரிப்புக்குரியதாக மாற்றிப் போட்டார்கள்.

எங்களுக்கு இந்தச் சண்டை எப்ப வந்தது? 1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாகி, டொனமூர் ஆணைக்குழுவுக்கு முன்னால் போய்க் கதைச்சது. அதை எதிர்த்தவர்களில் சேர் பொன். இராமநாதனும் ஒருவர். 1913இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி கட்டிய அதே இராமநாதன்தான். பெண் படிக்கலாம், வாக்குப் போடக்கூடாது! இதை நான் பல தடவை யோசிச்சிருக்கிறேன். அவருக்குப் பெண்களில் வெறுப்பு என்று சொல்ல ஏலாது. பெண்ணை உயர்த்துறதும் பெண்ணுக்கு உரிமை குடுக்கிறதும் அவருக்கு வேறை வேறை விசயம். கிணத்தடிப் படத்தை வரைகிற பொடியனும் தன்ரை தங்கச்சியைக் கம்பஸுக்கு அனுப்பக் கடன் படுவான்.

எப்படியோ 1931இல் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் எல்லாருக்கும் வாக்கு வந்தது. பிரித்தானியப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குக் கிடைச்சு மூன்றே வருசத்தில். ஆனால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் வடக்கில் நாலு தொகுதிகளில் தேர்தல் நடக்கவில்லை. அதில் ஒன்று ஊர்காவற்றுறை. எங்கடை பூட்டிமாருக்குக் கைக்கு வந்த வாக்கைப் பெட்டியில் போட 1934 இடைத்தேர்தல் மட்டும் காத்திருக்க வேண்டி வந்தது. காங்கிரஸின் கோரிக்கை முழுச் சுயராச்சியம், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் வாக்கைப் போடாமல் விடுகிற அந்த முடிவை எடுக்கிற இடத்தில், முதன்முதலாக வாக்குக் கிடைச்ச அந்தப் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இனி எங்கடை சொந்தச் சிரிப்புக்கு வருவம்.

ஈழத்துக் கேலிச்சித்திரம் என்றால் 'சிரித்திரன்'தான். கரவெட்டியைச் சேர்ந்த சிவஞானசுந்தரம், எல்லாருக்கும் சிரித்திரன் சுந்தர், அறுபதுகளின் முற்பகுதியில் கொழும்பில் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து நடத்திய சஞ்சிகை. வீட்டில் பழைய இதழ் கிடந்தால் எடுத்துப் பாருங்கோ, இப்பவும் சிரிப்பு வரும். சாதித் தடிப்பையும் போலிக் கௌரவத்தையும் அவர் அடிச்ச மாதிரி பெரிய பெரிய கட்டுரை எழுதின ஆக்களும் அடிக்கவில்லை. அந்த மதிப்போடுதான் ஒரு விசயத்தைக் கவனிக்கச் சொல்லுறன். அவர் படைச்ச பாத்திரங்களின் பெயர்களைப் பாருங்கோ: சவாரித்தம்பர், மெயில்வாகனத்தார், மைனர் மச்சான். இவர்களுக்கு நடுவில் 'மிஸிஸ் டாமோடிரன்'. தாமோதரன் டாமோடிரனாக மாறுறதிலேயே பாதிப் பகிடி முடிஞ்சிடும். மேல்நாட்டு மோகத்தைக் கேலி செய்ய வந்த பாத்திரம் அவ. ஆனால் மோகம் புருசனுக்கும் உண்டுதானே, பெயரை மாத்தினது அவர்தானே? சிரிக்கிறதுக்கு மேடையில் ஏத்தினது மனிசியை. அவவுக்கு அம்மா அப்பா வைச்ச பெயர் என்ன என்று வாசகருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

மிஸிஸ் டாமோடிரனில் ஆபாசம் தேட ஏலாது. குடும்பத்தோடு இருந்து வாசிக்கிற பத்திரிகை அது. ஆனாலும் அவ ஒரு பொருள்தான். சமூகம் தன்ரை பயத்தைக் கொழுவி வைக்கிற கொளுக்கி. எங்கடை ஆக்கள் கலாசாரம் கெட்டுப்போகுது என்று சொல்லும்போதெல்லாம் முதலில் பார்க்கிறது பெண்ணின் சட்டையைத்தானே.

இந்தச் சட்டைக் கணக்கு எங்கடை ஊரில் மட்டும் நடந்ததில்லை. 1954இல் அமெரிக்காவில் பிரெட்ரிக் வேர்தம் என்ற மனநல மருத்துவர், கொமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்குது என்று புத்தகம் எழுதினார். ஊரே கொதிச்சுது. பதிப்பாளர்கள் பயந்து, தாங்களே 'கொமிக்ஸ் கோட்' என்று ஒரு விதிக்கோவை எழுதினார்கள். பெண்களின் உடலை மிகைப்படுத்தி வரையக்கூடாது, ஆடை ஒழுங்காக இருக்க வேணும் என்று அதில் இருந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு, என்ன? அதே கோவையில் இன்னும் கொஞ்சம் தள்ளி, விவாகரத்தை விரும்பத்தக்க விசயமாகக் காட்டக்கூடாது, காதல் கதைகள் திருமணத்தின் புனிதத்தை வலியுறுத்த வேணும் என்றும் இருந்தது. ஒரே கையால் சட்டையை நீட்டி வரைஞ்சு, அதே கையால் வீட்டுக் கதவையும் பூட்டிவிட்டார்கள். இதைப் பெண்களுக்கான பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், எந்தப் பெண்ணைக் கேட்டுச் செய்தது என்று திருப்பிக் கேட்கலாம்.

அந்தக் கோவைக்கு எதிராகக் கிளம்பினதுதான் அறுபதுகளின் கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் தோன்றிய தலைமறைவுக் கொமிக்ஸ். பெரிய கொம்பனி இல்லை, தணிக்கை இல்லை. 1968இல் ரொபர்ட் கிரம் தன்ரை 'ஸப்' இதழைத் தெருவில் வைச்சு வித்தார். எங்கடை மலர்க்காரர் மாதிரி, வரைய விருப்பப்பட்டவன் வரைஞ்சான். விடுதலை என்றால் அப்படி ஒரு விடுதலை! ஆனால் அந்தச் சுதந்திரத்தில் முதல் வரைஞ்சது என்ன? அடிக்கப்படுகிற, தலையில்லாத, வெறும் உடம்பான பெண்கள். கேள்வி கேட்ட ட்ரினா ரொபின்ஸுக்கு, உனக்குப் பகிடி விளங்காது என்ற பதில் கிடைச்சது. தொகுப்புகளுக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டார்கள். 1970இல் அவர் மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, முழுக்கப் பெண்களே வரைஞ்ச முதல் அமெரிக்கக் கொமிக்ஸ் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1972இல் தொடங்கிய 'விமன்ஸ் கொமிக்ஸ்' இருபது வருசம் ஓடியது.

இதில் எனக்கு மிகப் பிடிச்ச இடம் வேறை. 1969இல் வந்த 'வம்பிரெல்லா' என்ற பேய்க்கதைக் கொமிக்ஸின் நாயகி போட்டிருக்கிற உடுப்பு ஒரு கைலேஞ்சிக்கும் காணாது. அந்த உடுப்பை வடிவமைச்சது யார் தெரியுமா? இதே ட்ரினா ரொபின்ஸ். அவர் கோபப்பட்டது துணியின் அளவுக்கு இல்லை. படத்தில் இருக்கிற பெண் கதையில் ஏதாவது செய்யிறாளா, அல்லது செய்யப்படுறாளா என்பதுக்குத்தான்.

தமிழ்க் கொமிக்ஸ் வாசிச்ச ஆக்களுக்கு இது உடனே விளங்கும். 1984இல் சிவகாசியில் தொடங்கிய லயன் கொமிக்ஸின் முதல் நாயகி மாடஸ்டி. உடலை மறைச்சு வைக்கிற ஆள் இல்லை அவ. ஆனால் திட்டம் அவவின் திட்டம், சண்டை அவவின் சண்டை. கூட வருகிற வில்லி கார்வின் அவவின் சொல்லைக் கேட்டு நடக்கிற நண்பன். முழங்கால் மட்டும் மூடின மிஸிஸ் டாமோடிரனையும் மாடஸ்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைச்சுப் பாருங்கோ. யார் பொருள், யார் ஆள்?

மார்த்தா நுஸ்பாம் என்ற மெய்யியலாளர் 1995இல் எழுதிய கட்டுரையில், ஒருவரைப் பொருளாக்குறது என்றால் என்ன என்று ஏழு வகையாகப் பிரிச்சுக் காட்டினார். கருவியாகப் பாவிக்கிறது, சுயமாக முடிவெடுக்க விடாதது, செயலற்றவராகக் காட்டுறது, ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தியை வைக்கலாம் என்று நினைக்கிறது, காயப்படுத்தலாம் என்று நினைக்கிறது, சொத்தாக நினைக்கிறது, அவருக்கும் மனசு உண்டு என்பதைக் கணக்கில் எடுக்காதது. ஏழில் ஒன்றிலாவது உடுப்பின் நீளம் இல்லை. இந்தப் பட்டியலோடு மதகுப் படத்துக்கு வந்தால், அந்தப் பெட்டைக்கு முழுப் பாவாடை தாவணி கட்டிவிட்டாலும் படம் மாறாது. முகம் வரைஞ்சு, அவள் அந்த நாலு பேரையும் பார்த்து என்ன நினைக்கிறாள் என்று ஒரு குமிழி போட்டுவிட்டால் மாறும். நாலு கோடு வேலை.

இதில் இரண்டு பக்கமும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள் என்பது என்னுடைய எண்ணம். "எங்கடை பெண்களை இப்படி வரையலாமா, கலாசாரம் எங்கை?" என்று கத்துற பெரியாக்களும், "நீங்கள் பெண்ணியம் படிச்ச ஆக்கள், பகிடியைத் தடைசெய்யப் பாக்கிறியள்" என்று சொல்லுற பொடியளும் அளக்கிறது ஒரே நாடாவால்தான். ஒரு பக்கம் துணியைக் கூட்டச் சொல்லுது, மற்றப் பக்கம் குறைக்கச் சொல்லுது. இந்தியாவில் 1986இல் பெண்களை இழிவாகச் சித்திரிக்கிறதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. அதிலும் பெண்ணை இழிவுபடுத்துறதும் பொது ஒழுக்கத்தைக் கெடுக்கிறதும் ஒரே வரையறைக்குள் கலந்து கிடக்கு. இரண்டும் ஒன்றென்று யார் சொன்னது?

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் பெண்கள் எப்படி உடுக்க வேணும் என்று துண்டுப்பிரசுரம் அடிச்சு ஒட்டின காலம் ஒன்று இருந்தது. அப்ப அது பகிடி இல்லை, பயம். அதே காலத்தில்தான், 1986இல், பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற கவிதைத் தொகுப்பைச் சித்திரலேகா மௌனகுருவின் முயற்சியில் வெளியிட்டது. பெண்கள் மட்டும் எழுதினது. லண்டனில் 1909இல் அச்சுக்கட்டையாலும் சான்பிரான்சிஸ்கோவில் 1970இல் கொமிக்ஸாலும் செய்ததை இங்கே கவிதையால் செய்தார்கள். கவிதையில் எங்களுக்கு அப்படி ஒரு வரிசை இருக்கு. படத்தில் அந்த வரிசை எங்கை என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புது.

பெண்கள் வரைஞ்சால் எல்லாம் தானாகச் சரிவந்திடும் என்றும் இல்லை. 1975 டிசம்பரில் ரோக்கியோவில் முதல் 'கொமிக் மார்க்கெற்' கூடியபோது வந்தது கிட்டத்தட்ட எழுநூறு பேர், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பெட்டையள். தாங்களே வரைஞ்சு, தாங்களே அச்சடிச்சு, மேசை போட்டு வித்த விருப்பக் கலைஞர்கள். இண்டைக்கு அது இலட்சக்கணக்கில் ஆக்கள் வருகிற சந்தை, அங்கே எங்கடை மதகுப் படம் பால்குடி என்று சொல்லக்கூடிய படமெல்லாம் விற்குது. பெண்களும் வரையினம், பெண்களும் வாங்கினம். ஆனால் அங்கே ஒரு படம் பிடிக்காட்டில் பக்கத்து மேசையில் வேறை ஒருத்தி வரைஞ்ச வேறை படம் இருக்கு. எங்கடை மலரில் இருக்கிறது ஒரு மேசை. அதில் இருக்கிறதும் ஒரே ஆக்கள்.

என்னோடு படிக்கிற நெடுந்தீவுப் பிள்ளை ஒருத்தி படம் வரைவாள். குறிகட்டுவானில் இருந்து படகு வெளிக்கிடுறதில் தொடங்கி நாலு கட்டம். ஒரு கட்டத்தில் ஒரு பெட்டை சத்தி எடுக்கிறாள், அடுத்ததில் பக்கத்தில் இருக்கிற ஆச்சி தேசிக்காய் நீட்டுறா, அதுக்கடுத்ததில் ஒரு பொடியன் "தங்கச்சி, தனியவோ?" என்று கேட்கிறான், கடைசிக் கட்டத்தில் அவன்ரை புதுச் சேட்டில் சத்தி. நான் விழுந்து விழுந்து சிரிச்சன். ஊர் மலருக்குக் குடுத்தாள். பெண்பிள்ளை ஒருத்தி சத்தி எடுக்கிறதைப் போடுறது வடிவில்லை என்று மலர்க்குழு திருப்பிக் குடுத்திட்டுது. அந்த வருசமும் மதகுப் படம் வந்தது, பதினெட்டாம் பக்கத்தில், அரைப் பக்க அளவில்.