பூனைக் காப்புறுதி: சுங்கை பூலோவும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

வளர்ப்புப் பூனைக்கு நோயோ விபத்தோ நேரும்போது, உரிமையாளர் கிளினிக்கில் கட்டிய தொகையில் ஒரு பகுதியைக் காப்புறுதி நிறுவனம் திருப்பித் தரும் ஒப்பந்தம் பூனைக் காப்புறுதி எனப்படும். பெரும்பாலும் இது ஓராண்டுக்கானது; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் பூனை ஓர் உடைமை. ஆகவே மனிதருக்கான மருத்துவக் காப்புறுதியோடு இதற்கு உறவில்லை. வீடு, வாகனம் ஆகியவற்றோடு பொதுக் காப்புறுதி வகையில் அடங்கும். மலேசியாவில் அத்துறையை 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டத்தின்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா மேற்பார்வையிடுகிறது. எம்எஸ்ஐஜி காப்புறுதி நிறுவனத்தின் பொறுப்பில் இணையவழி விற்கப்படும் 'ஓயென்' இங்குப் பலர் அறிந்த திட்டம். ஆரஞ்சு நிறப் பூனைகளுக்கு மலேசியர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயரே ஓயென்.

இந்தக் காப்புறுதிக்கான தேவையைக் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள சுங்கை பூலோவில் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும். அங்குள்ள அரசு மருத்துவமனையில் குடிமகன் ஒருவர் ஒரு ரிங்கிட் கட்டி வெளிநோயாளர் பிரிவில் மருத்துவரைப் பார்க்கலாம். நிபுணர் சிகிச்சைக்கு ஐந்து ரிங்கிட். அவர் வீட்டுப் பூனைக்கு அப்படியோர் அரண் கிடையாது. எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, ஓரிரவு தங்கல் என ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பட்டியலில் ஏறும். அரசின் கால்நடைச் சேவைத் துறை நடத்தும் மருத்துவமனைகளில் கட்டணம் குறைவுதான், ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறும் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் பெரும்பாலும் தனியார் கிளினிக் வாசலில்தான் நிற்பார். சிக்கலான நோய் என்றால் செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். 2017 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்பு விலங்கை நோயிலிருந்தும் காயத்திலிருந்தும் காப்பதை உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது. கடமை சட்டத்தில் இருக்கிறது. செலவு முழுவதும் உரிமையாளர் தலையில்.

பூனையின் பெருஞ்செலவு நோய்களில் முதலில் சொல்ல வேண்டியது சிறுநீர் அடைப்பு. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. உப்புப் படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மயக்க மருந்து கொடுத்து அடைப்பை எடுத்து, குழாய் பொருத்தி, சில நாள் உள்நோயாளியாக வைத்திருக்க வேண்டும். மீண்டும் மீண்டும் அடைத்தால் அறுவை சிகிச்சை. அடுத்து எஃப்ஐபி என்னும் வயிற்றுறைத் தொற்று. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இது வந்தால் பூனை பிழைக்காது என்பதே மருத்துவர் வாக்கு. 2019-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் ஜிஎஸ்-441524 என்ற மருந்தால் பூனைகள் குணமானதை வெளியிட்ட பிறகு நிலைமை மாறியது. குறைந்தது 84 நாள் மருந்து என்பது அப்போது வகுத்த முறை. எடைக்கேற்ப அளவு கூடும், செலவும் கூடும். பிழைக்க வழி பிறந்ததால்தான் இந்தச் செலவும் பிறந்தது.

சுங்கை பூலோவுக்கே உரிய ஆபத்து ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1930-இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பைச் சுற்றி வளர்ந்த செடிப் பண்ணைகள்தாம் இன்று இவ்வூரின் அடையாளம். கிள்ளான் பள்ளத்தாக்கின் எத்தனையோ வீட்டு முற்றங்களுக்குச் செடிகள் இங்கிருந்து போகின்றன. அழகுச் செடியாக வாங்கும் சைக்கஸ் பூனையின் கல்லீரலைக் கெடுக்கும். லில்லியின் இலை, பூ, மகரந்தம் எல்லாமே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்; உடலில் ஒட்டிய மகரந்தத்தைப் பூனை நக்கினாலே போதும். பூனை இருக்கும் வீட்டுக்கு இவ்விரண்டும் வேண்டாம்.

கட்டும் பணத்துக்கும் கிடைக்கும் பயனுக்குமான கணக்கு எளியதுதான். மாதம் 40 ரிங்கிட் பிரிமியம், செலவில் 80 விழுக்காடு திருப்பித் தரும் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 480 ரிங்கிட். சேவை வரி 8 விழுக்காடும், முத்திரை வரி 10 ரிங்கிட்டும் சேர்த்தால் 528 ரிங்கிட் 40 சென். சிறுநீர் அடைப்புக்கு 3,000 ரிங்கிட் செலவானால் நிறுவனம் 2,400 தரும். உரிமையாளர் கையிலிருந்து 600 போகும். அதாவது நாலரை ஆண்டுக்கு ஒருமுறை இப்படியொரு பெருஞ்செலவு வந்தால் போட்ட பணம் ஏறத்தாழத் திரும்பிவிடும். பூனை பதினைந்து ஆண்டு நோயின்றி வாழ்ந்தால் பணம் திரும்பாது. அந்த நட்டத்துக்கு எந்தப் பூனை வளர்ப்பவரும் வருந்த மாட்டார். ஒரே இரவில் 3,000 ரிங்கிட் புரட்ட முடியாத குடும்பத்துக்கு இக்காப்புறுதி மிகுந்த மதிப்புடையது. புரட்ட முடிந்தவர் அதே 44 ரிங்கிட்டை மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டு வருவதும் சரியான வழியே. ஆனால் சேமிப்புத் தொடங்கிய மூன்றாம் மாதமே அடைப்பு வந்தால் கணக்கில் 132 ரிங்கிட்தான் இருக்கும்.

ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய இடங்கள் சில. காப்புறுதி எடுக்குமுன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்காது. கிளினிக் அட்டையில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தாலும் அது முன்நோயாகக் கொள்ளப்படலாம். எடுத்த முதல் சில வாரங்கள் காத்திருப்புக் காலம். தடுப்பூசி, கருத்தடை, மகப்பேறு, பல் சுத்தம் ஆகியவை பொதுவாக அடங்கா. ஆண்டு உச்சவரம்பு உண்டு, சில திட்டங்களில் ஒவ்வொரு நோய்க்கும் தனி வரம்பு உண்டு. புதிதாகச் சேர வயது வரம்பும் இருக்கும் என்பதால், சிறுநீரக நோய் தலைகாட்டும் முதுமையில் நினைத்துக்கொண்டு போனால் கதவு மூடியிருக்கும். இன்ன பூனைதான் என்று நிறுவ, தோலடியில் பொருத்தும் 15 இலக்க மைக்ரோசிப்பைவிட உறுதியான சான்று இல்லை.

தெருப் பூனைகளுக்குச் சோறு வைப்பவர்களுக்கு இந்தத் திட்டங்கள் உதவுவதில்லை. காப்புறுதி ஒரு பூனைக்கு ஓர் ஒப்பந்தம் என்ற கணக்கில் நடக்கிறது. பத்துப் பதினைந்து பூனைகளைப் பராமரிக்கும் ஒருவரால் அத்தனைக்கும் பிரிமியம் கட்ட முடியாது. அவர்கள் கையிலுள்ள பணம் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் போவதே மேல்.

உலகில் வளர்ப்பு விலங்குக் காப்புறுதியின் தொடக்கம் சுவீடன். அங்கு 1890-இல் குதிரைக்கும் கால்நடைக்கும் தொடங்கிய காப்புறுதி 1924-இல் நாய்க்கு வந்தது. அமெரிக்காவில் 1982-இல் முதல் ஒப்பந்தம் திரைப்புகழ் நாய் லாஸ்ஸியின் பெயரில் எழுதப்பட்டது. இந்தியாவிலும் நாய்களுக்கே முதலிடம். பூனைகள் பின்னால்தான் சேர்ந்தன.

பூனைக்குக் காப்புறுதி எடுக்க நினைப்பவர், அது குட்டியாக, நோயின்றி, கிளினிக் அட்டையில் தடுப்பூசிக் குறிப்பு மட்டுமே இருக்கும் காலத்தில் எடுத்துவிட வேண்டும்.